‘பின்’ படத்து முடி

அவனுக்குக் ‘கிராப்பு’ என்று பேர் வைத்தது பள்ளிக்கூடத்தில். வைத்த புண்ணியவான் யார் என்று யாருக்கும் நினைவில்லை. காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒரு முடி அவனுக்கு. எண்ணெய் வைத்தாலும் படியாது, தண்ணீர் தெளித்தாலும் அடங்காது. நெற்றியின் இடது ஓரத்தில் ஒரு சுழி. அங்கிருந்து ஒரு கற்றை கிளம்பி, மேலே எழும்பி, வலப்பக்கமாகச் சாயும். “முகத்தப் பாத்து இல்ல, முடியப் பாத்துத்தான் சரின்னு சொன்னேன்” என்று அவன் மனைவி சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவனுக்கு அதில் பெருமைதான். ஏன் இருக்கக் கூடாது? சிலருக்குக் குரல், சிலருக்கு உயரம், இவனுக்கு முடி.

உச்சந்தலையில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு முடி போய், தோல் வழவழவென்று மின்ன ஆரம்பித்த பிறகும் அவனைக் கிராப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிடுகிற வாய்க்குக் கூச்சம் என்று ஒன்று இருக்க வேண்டாமா? சிலர் மட்டும் இரக்கப்பட்டு, அதை மறைக்க அவன் போட ஆரம்பித்த தொப்பியைப் பார்த்து ‘தொப்பி’ என்று மாற்றிக்கொண்டார்கள். அதற்குப் பேர் இரக்கமாம்.

வேலை, பேனர் அடிக்கிற கடையில். வாடிக்கையாளர் கொண்டுவருகிற போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி, ஒட்டி, எழுத்துப் போட்டுப் பின்னறை மெஷினுக்கு அனுப்ப வேண்டும். மெஷின் நாள் முழுக்கக் கர்ர் கர்ர் என்று இழுத்துக்கொண்டிருக்கும். மை வாசனை சட்டையில் ஏறினால் துவைத்தாலும் போகாது. பேனரில் நிற்கிற ஆசாமிகளுக்கு உள்ளதை உள்ளபடி காட்டினால் பிடிக்காது. தொப்பை கரைய வேண்டும், பல் வெளுக்க வேண்டும், முக்கியமாக முடி முளைக்க வேண்டும்.

அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தேர்தலில் நிற்கிற ஒருத்தர் வந்து, “தம்பி, ஜெயிக்கற மாதிரி ஒரு தல போட்டுக் குடு” என்று கேட்டார். ஒட்டுவதற்கு நல்ல முடிக்கு எங்கே போவது? கடையின் நீலச் சுவருக்கு முன்னால் நின்று தன்னையே போட்டோ எடுத்துக்கொண்டான். முடியை மட்டும் பொறுமையாக வெட்டி எடுத்து அவர் தலையில் வைத்தான். அவர் தோற்றுப்போனார், அது வேறு கதை. முடி ஜெயித்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரன் கேட்டான், கொடுத்தான். அவனிடமிருந்து இன்னொரு கடைக்குப் போனது. எந்தக் கடையில் எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் ‘கிராப்பு’ என்று ஒரு படம் இருக்கும். கடை வாசல் போர்டில் முதலாளி சிரித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர் தலையில் இருப்பதும் அதே முடிதான். அதில் ஒரே ஒரு குறை. காதோரம் முடிக்கு நடுவே நீலச் சுவர் ஒரு நூல் அளவு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சரி பண்ண வேண்டும் என்று நினைப்பான். தெருவில் நின்று பார்க்கிறவனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று விட்டுவிடுவான்.

பிறகு வந்தது அந்தப் பரு. பரு என்றுதான் நினைத்தான். உச்சந்தலையில் ஒன்று, பக்கத்தில் இன்னொன்று. சீழ் வைத்து, உடைந்து, பொருக்குத் தட்டி, அந்தப் பொருக்கு விழும்போது முடியையும் கூடவே கூட்டிக்கொண்டு போனது. தலையில் மிளகாயை அரைத்துப் பூசியது போல எரிச்சல். காலையில் எழுந்தால் தலையணை உறையில் மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாகக் கறை. மனைவி ஒன்றும் சொல்லாமல் தினமும் உறையை மாற்றினாள். ஒரே ஒருநாள் மட்டும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “இது ஒட்டுமா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே அழுதாள். அவனுக்கும் தெரியாதே, என்ன சொல்வான்?

ஊருக்குத் தெரிந்திருந்தது. ஊருக்குத்தான் எல்லாம் தெரியுமே! “தண்ணி சரியில்லடா.” “ஹெல்மெட் போடறல்ல, அதான்.” “ரொம்ப யோசிக்கற, யோசிச்சா முடி நிக்காது.” “ஆம்பளைக்கு எதுக்குடா முடி, ஆஸ்தி வர்ற நேரம்.” வழுக்கை விழுகிறவனுக்கு எரியுமா, சீழ் கொட்டுமா, படுத்தால் தலை தலையணையோடு ஒட்டிக்கொள்ளுமா என்று ஒரு மனிதருக்காவது கேட்கத் தோன்றவில்லை. பெண்ணாக இருந்திருந்தால் ஐயோ பாவம் என்றாவது சொல்லியிருப்பார்கள். ஆண் என்றால் தலை அவன் தலை இல்லை, போகிறவன் வருகிறவன் எல்லாம் ஜோக் அடிக்கிற பொதுச்சொத்து.

தெருக்கோடி டாக்டரிடம் போனான். அவர் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்துகூட வரவில்லை. பேனாவை எடுத்தபடியே, “வயசாகுதில்ல? ஆம்பளைங்களுக்கு இது சகஜம்” என்றார். “எரியுது சார், சீழ் வருது” என்றான். “பொடுகு” என்று சொல்லி ஒரு ஷாம்பு எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான் வைத்தியம்.

அதற்கப்புறம்தான் அந்த முடி கிளினிக்.

கண்ணாடிக் கதவு, ஜில்லென்ற அறை, மெத்தென்ற நாற்காலி. எதிர்ச்சுவர் முழுக்க ஒரு படம். இடப்பக்கம் ‘முன்’: ஒரு ஆசாமி, மண்டையில் விளக்கு வெளிச்சம் பளபளக்கிறது. வலப்பக்கம் ‘பின்’: அதே ஆசாமி, தலை நிறைய முடி. நெற்றி ஓரத்தில் சுழி, அதிலிருந்து எழும்பிச் சாய்கிற கற்றை. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தினமும் கண்ணாடியில் பார்த்துப் பழகிய மாதிரியே இருந்தது அந்த முடி.

“எனக்கும் இதே மாதிரிதாங்க இருந்துச்சு” என்றான், ஆலோசனை சொல்ல உட்கார்ந்திருந்த பெண்ணிடம்.

“இதே மாதிரியே வரும் சார்” என்றாள் அவள்.

எப்படிப்பட்ட வேடிக்கை பாருங்கள். ஊரில் ஒரு பேனரைக்கூட நம்பாத ஆள் உண்டு என்றால் அது பேனர் அடிக்கிறவனாகத்தான் இருக்க வேண்டும். எத்தனை தலைக்கு அவன் கையால் முடி வைத்திருக்கிறான்! அவனே நம்பினான். எரிகிற தலையோடு நிற்கிறவனுக்குப் புத்தி எங்கே வேலை செய்யும்? அதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதானே அந்தச் சுவரில் அந்தப் படத்தை மாட்டியிருக்கிறார்கள்!

அங்கேயும் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. போட்டோ எடுத்தார்கள். மேலிருந்து, பக்கத்திலிருந்து, பின்னாலிருந்து. பிறகு அவன் ரத்தத்தையே எடுத்து மெஷினில் சுற்றி, பிரித்து, ஊசியில் ஏற்றி, சீழ் வைத்த அந்தத் தோலிலேயே குத்தினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “எரியுதுங்க” என்றால், “அப்படீன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம் சார்” என்றார்கள். ஒவ்வொரு தடவையும் வழவழப்பு இன்னும் கொஞ்சம் அகலமானது. ஓரத்தில் மிஞ்சிய முடியெல்லாம் ஒரே குழியிலிருந்து ஐந்தும் ஆறுமாகக் கொத்துக் கொத்தாக நின்றது, பல் தேய்க்கிற பிரஷ் போல.

அங்கேதான் லிஃப்ட்காரரைப் பார்த்தான். மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், இவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். வேலைக்கு ஹெல்மெட் கட்டாயம். கழற்றும்போது உள்துணி தலையோடு ஒட்டிக்கொண்டு வரும் என்றார். அவருக்கும் அதே பரு, அதே சீழ், அதே பிரஷ் முடி. இரண்டு பேரும் அந்தச் சுவர்ப்படத்துக்கு எதிரே உட்கார்ந்து, வெளியே யாரிடமும் சொல்ல முடியாததை எல்லாம் பேசிக்கொண்டார்கள். அவர் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. “போட்டோ எடுக்கறப்ப தொப்பி வேணாம்ப்பா” என்று பெண் சொன்னாளாம். “அவ தப்பா சொல்லல தம்பி. ஆனா அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல எனக்கு” என்றார்.

கிராப்பு அந்தக் கிளினிக்கை விட்டதற்குக் காரணம் அவன் மனைவி. ஒரு நாள் உறையை மாற்றப் போனவள், உறையைக் கீழே போட்டுவிட்டு, “போதும், கிளம்புங்க” என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தோல் டாக்டர் ஒரு அம்மாள். கண்டிப்பான முகம், வேகமான பேச்சு. “தொப்பியக் கழட்டுங்க. குனிங்க” என்றார். குனிந்தான். அந்த அம்மாள் இரண்டு கையாலும் அவன் தலையைப் பிடித்து, விரலால் அழுத்தி, ஓரம் ஓரமாக நீவி, பொருக்கை மெல்லப் பிரித்து, ஒரு சின்ன லென்ஸை வைத்துப் பார்த்தார். தலைக்குள் ஆள் புகுந்து தேடுவது போல இருந்தது. இத்தனை நாளில் அவன் தலையைத் தொட்ட முதல் டாக்டர். குனிந்தபடியே அழுதுவிட்டான். தரையைப் பார்த்து அழுததால் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு சின்னத் துண்டுத் தோலை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அடுத்த தடவை போனபோது சொன்னார்:

“இது சாதாரண வழுக்கை இல்ல. இதுல வேர் இருக்கற குழியே புண்ணாகி, தழும்பா மூடிடும். மூடினது மூடினதுதான். அங்க திரும்ப முளைக்காது. மிச்சம் இருக்கறதக் காப்பாத்தலாம். அதுக்கு மருந்து இருக்கு, பொறுமையா சாப்பிடணும். ஒட்டற வியாதி இல்ல, குழந்தையத் தூக்கிக் கொஞ்சுங்க.”

“மொதல்லயே வந்திருந்தா?” என்று கேட்டாள் மனைவி.

அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. “இவ்ளோ போயிருக்காது” என்றார்.

அந்த ஒரு வார்த்தை அவனைத் தின்றது. நோய் யார் குற்றமும் இல்லை, வந்தது வந்துவிட்டது. ஆனால் நாள் போனதே! எழுந்து வராத அந்த டாக்டர் தின்ற நாள், ஊசி குத்தினவர்கள் தின்ற நாள், ஜோக் அடித்தவர்களுக்கு முன்னால் கூசிக் கூசித் தொப்பிக்குள் ஒளிந்த நாள். நாள் போகப் போகக் குழி மூடிக்கொண்டே வந்திருக்கிறது, இவன் ‘பின்’ படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நினைத்தால் வயிறு பற்றி எரிந்தது. மாத்திரையால் தலை எரிச்சல் அடங்கியது, வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

லிஃப்ட்காரரிடம் ஓடிப்போய்ச் சொன்னான். அவர் கேட்கவில்லை. அவருக்குக் கிளினிக்கில் அடுத்த கட்டமே பேசி முடித்திருந்தார்கள். பின்தலையிலிருந்து முடியைத் தோண்டி எடுத்து உச்சியில் நட்டுவிடுவார்களாம், கல்யாணத்துக்குள் வளர்ந்துவிடுமாம்.

“அண்ணே, அங்க தழும்பு. நட்டாலும் நிக்காது. சீழ் இருக்கறப்ப கைய வெச்சா இன்னும் கிளம்பும். அந்த டாக்டரம்மா தெளிவா சொன்னாங்க. பின்னாடி இருக்கற நல்ல முடியும் போயிடும்ண்ணே.”

“உனக்குச் சரியா வரல, அதுக்காக எனக்கு வராதா?”

“யாருக்கும் வராதுண்ணே!”

“அந்த ஆளுக்கு வந்துச்சே தம்பி” என்றார் அவர். “செவுத்துல பாத்தோமே, ரெண்டு பேரும்தானே பாத்தோம். அந்த ஆளுக்கு வந்துச்சே!”

சுவரில் ஒரு தலை, தலை நிறைய முடி. ஆஸ்பத்திரி வார்த்தை அதற்கு முன்னால் எம்மாத்திரம்? நாள் குறித்தாகிவிட்டது. தலையைக் கொடுக்கப்போகிறார் மனுஷன்.

அதற்கு முந்தின நாள் காலையில்தான் கடைக்கு அந்த வேலை வந்தது.

கிளினிக் புதுக் கிளை திறக்கிறது. கட்டடத்தின் முகப்பு அளவுக்குப் பேனர் வேண்டும். கிளினிக் மேனேஜர் பென் டிரைவை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, மதியம் வந்து சரிபார்க்கிறேன் என்று போயிருந்தார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். “கிராப்பு, பெரிய பார்ட்டிடா. பிசிறு இல்லாம பண்ணு” என்று அவன் மேஜையில் வைத்தார்.

திறந்தான். அதே ‘முன்’, அதே ‘பின்’. சுவரில் மாட்டியதை அடித்த மூலப்படம். வேறு ஏதோ கடையில் செய்தது. பேனர் செய்கிறவர்கள் ஒட்டுகிற ஒவ்வொன்றையும் தனித்தனி லேயராக வைப்பார்கள், ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாளை அடுக்குகிற மாதிரி. ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் படம் இருக்கும். கண்ணை அழுத்தினால் அந்த லேயர் மறையும், மறுபடி அழுத்தினால் வரும். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டுத்தான் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். இதைச் செய்தவன் சோம்பேறி. சேர்க்காமலே கொடுத்திருந்தான்.

முகப்பு அளவுக்குப் பெரிதாக்கினால் படம் எங்கே கட்டம் கட்டமாக உடையும் என்று பார்க்க, ‘பின்’ படத்தின் காதோரத்தை நெருக்கிக் கொண்டுவந்தான். முடிக்கு நடுவே நீலமாக ஏதோ தெரிந்தது. இன்னும் நெருக்கினான்.

ஒரு நூல் அளவு நீலச் சுவர்.

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டான். முடி லேயரின் கண்ணை அழுத்தினான். ‘பின்’ ஆசாமியின் தலையிலிருந்து முடி போனது. அடியில் மண்டை பளபளத்தது. ‘முன்’ படத்தில் இருந்த அதே விளக்கு வெளிச்சம், அதே இடத்தில். ஒரே போட்டோவை இரண்டு பக்கமும் போட்டு, ஒன்றின் மேல் கிராப்பைக் கவிழ்த்திருக்கிறார்கள். இடம் வலம் மாற்றிக் கவிழ்த்திருக்கிறார்கள், அதனால்தான் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்திருக்கிறது. அவன் முடியை அவனுக்கே காட்டி, இதே மாதிரி வரும் என்று சொல்லி, அவன் தலையிலேயே மிளகாய் அரைத்திருக்கிறார்கள். அடப் பாவிகளா!

போனை எடுத்தான். “அண்ணே, எங்க இருக்கீங்க?”

“வேலைல இருக்கேன் தம்பி. நாளைலேருந்து லீவு, தெரியும்ல.”

“உடனே கடைக்கு வாங்க.”

“மறுபடியும் அதே பேச்சா? வேணாம் விடு.”

“பேசக் கூப்பிடலண்ணே. ஒண்ணு காட்டணும். அந்தச் செவுத்து ஆளு இங்க இருக்கான். வந்து பாத்துட்டு, அப்புறம் நீங்க என்ன வேணா பண்ணுங்க. நான் வாயத் திறக்க மாட்டேன்.”

பின்னால் நின்ற முதலாளி எல்லாவற்றையும் கேட்டிருந்தார். “என்னடா பண்ற? கஸ்டமர் ஃபைல வெளியாளுக்குக் காட்டுவியா? நாளைக்கு எவன் நம்ம கடைக்கு வருவான்? நம்ம வேலை அடிக்கறது, நியாயம் பேசறது இல்ல.”

“ஃபைலு அவங்களுது. முடி என்னுது” என்றான்.

“என்ன உளர்ற?”

நீலத்தைக் காட்டினான். முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். வாசல் போர்டு இருக்கிற திசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். “அட…” என்று மட்டும் சொல்லிவிட்டு, மையைப் பார்க்கிறேன் என்று பின்னறைக்குள் போய்விட்டார். தலைக்கு மேலே வெள்ளம் போனாலும் அந்த மனுஷனுக்கு மைதான் அவசர வேலை.

லிஃப்ட்காரர் வேலை உடுப்போடு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்தார். அவர் நாற்காலியில் உட்காருவதற்குள் மேனேஜரும் வந்துவிட்டார். மடிப்புக் கலையாத சட்டை, கூடவே செண்டு வாசனை. “ரெடியா சார்?” என்று கேட்டவர் லிஃப்ட்காரரைப் பார்த்து, “அட, நீங்களா! நாளைக்கு நமக்குப் பெரிய நாளாச்சே!” என்று கை கொடுத்தார். கிராப்பை அடையாளம் தெரியவில்லை. தலையைத் தவிர எதையும் பார்த்திருந்தால்தானே தெரியும்? தலையையும் இவர் பார்த்தது போட்டோவில்.

“ரெடி சார், பாருங்க” என்று கிராப்பு திரையைத் திருப்பினான். லிஃப்ட்காரர் முகம் மலர்ந்தது. “இவர்தான், இவரேதான்” என்றார்.

“இவருக்கு எவ்ளோ நாள்ல முளைச்சது சார்?” என்று கேட்டான் கிராப்பு.

“இவரு நம்ம ஸ்பெஷல் கேஸ்” என்றார் மேனேஜர். “ஆறே மாசம். பாருங்களேன், எவ்ளோ அடர்த்தி!”

கிராப்பு இன்னொரு படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தான். நீலச் சுவருக்கு முன்னால் ஒரு இளவட்டம், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது. தலையில் முடி கொள்ளவில்லை.

“இது யாரு?” என்றார் மேனேஜர்.

“நான்தான்” என்று தொப்பியைக் கழற்றினான்.

தொப்பி போட ஆரம்பித்த பிறகு கடையில் அவன் அது இல்லாமல் நின்றது அன்றைக்குத்தான். பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்த முதலாளி அப்படியே நின்றார். ட்யூப் லைட் வெளிச்சத்தில் உச்சந்தலைத் தழும்பு மின்னியது, ஓரத்தில் கொத்துக் கொத்தாக முடி. முன்நெற்றியில் மட்டும் அந்தப் பழைய சுழி, அதிலிருந்து ஒரு கற்றை இன்னும் அடங்காமல் எழும்பிச் சாய்ந்துகொண்டிருந்தது. மாத்திரை காப்பாற்றிக் கொடுத்தது அவ்வளவுதான்.

“அண்ணே, இந்தச் சுழியப் பாருங்க. அந்த ஆளு தலையிலயும் பாருங்க.”

மேனேஜர் முந்திக்கொண்டார். “என்ன சார் விளையாடறீங்க? உங்களுக்கு இந்தப் பக்கம், அவருக்கு அந்தப் பக்கம். சுழின்னா உலகத்துல ஒருத்தருக்குத்தானா?”

கிராப்பு கண்ணை அழுத்தி ‘பின்’ படத்து முடியை ஒரு தடவை மறைத்துக் காட்டினான், மறுபடி கொண்டுவந்து இடம் வலம் திருப்பினான். சுழி இந்தப் பக்கம் வந்துவிட்டது. நீலச் சுவர்ப் படத்திலிருந்து முகத்தைத் தூக்கிவிட்டு, ஒரு முடியின் மேல் இன்னொரு முடியை நகர்த்தி வைத்தான். ஒரு இழை பிசகாமல் உட்கார்ந்தது.

“இப்போ?” என்றான்.

மேனேஜர் பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

“காதுகிட்ட நீலம் தெரியுதா? இதோ, இந்தச் சுவரு. நீங்க சாய்ஞ்சுக்கிட்டு நிக்கற சுவருதான். அப்ப அடிச்ச பெயிண்டு இன்னும் மாத்தல. உங்க கிளினிக்குல உக்காந்து, இதே மாதிரிதான் எனக்கு இருந்துச்சுன்னு நான் கண்ணுல தண்ணி விட்டேன். இதே மாதிரி வரும்னு சொன்னீங்களே, எங்கேருந்து சார் வரும்? என் தலையிலேருந்து எடுத்து எனக்கே விப்பீங்களா?” குரல் உடைந்தது. உடைந்தாலும் நிறுத்தவில்லை. “சீழ் வெச்ச தலையில ஊசி குத்தினீங்க. ஒருத்தராவது தொட்டுப் பாத்தீங்களா? ஒருத்தராவது?”

“மெதுவா பேசுங்க சார். மாடல் படம்னா எல்லாரும் இப்படித்தான் போடறாங்க” என்று சொன்ன மேனேஜர், முதலாளி பக்கம் திரும்பினார். “உங்க ஸ்டாஃபா இவரு? எங்க ஃபைல வெச்சு மிரட்டறாரு. இவரு இங்க இருந்தா எங்க ஆர்டர் எதுவும் இந்தக் கடைக்கு வராது, பாத்துக்கங்க.”

முதலாளி கையிலிருந்த மையைத் துணியில் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். கிராப்பின் தலையை ஒரு தடவை பார்த்தார்.

“வேற கடை பாத்துக்கங்க சார்” என்றார் கடைசியில். “பக்கத்துலயே ரெண்டு கடை இருக்கு. ஆனா அங்கயும் இவன் முடிதான் வெச்சிருப்பாங்க.”

மேனேஜர் பென் டிரைவைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டார். போகிற போக்கில் லிஃப்ட்காரரின் தோளைத் தட்டி, “கண்டதக் கேட்டுக் குழப்பிக்காதீங்க. நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட வந்துடுங்க” என்றார். மாட்டிக்கொண்டாலும் வெட்கம் வராத ஜென்மங்கள் இருக்கத்தான் இருக்கின்றன. கடையின் கண்ணாடிக் கதவு ஆடி அடங்கியது.

லிஃப்ட்காரர் அசையவில்லை. பென் டிரைவ் போனாலும் படம் திரையில் திறந்துதான் இருந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “எங்க அமுக்கின?” என்று கேட்டார். கிராப்பு காட்டினான். அவர் மௌஸைப் பிடித்து அந்தக் கண்ணை அழுத்தினார். முடி போனது. மறுபடி அழுத்தினார். வந்தது. போனது. வந்தது. லிஃப்ட் பட்டன் வேலை செய்கிறதா என்று சோதிக்கிறவர் போல, முகத்தில் ஒன்றும் காட்டாமல், திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். கிராப்பு வாயைத் திறக்கவில்லை. திறக்க மாட்டேன் என்று போனில் சொல்லியிருந்தானே.

கடைசியில் முடி இல்லாத தலையோடு நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். உள்துணி ஒட்டிக்கொண்டு வந்தது. வலித்திருக்கும், முகம் சுளித்தது. ஒரு கையைப் பின்தலைக்குக் கொண்டுபோய், நாளைக்குத் தோண்டுவதாக இருந்த அந்த நல்ல முடியைப் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

“அந்த டாக்டரம்மா இன்னிக்கு இருப்பாங்களா?”

“இருப்பாங்கண்ணே. நானும் வர்றேன்.”

அவர் எழுந்திருக்கவில்லை. பின்தலையைப் பிடித்தபடியே, திரையில் இருந்த மொட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

“தொட்டுப் பாப்பாங்களா?”

“பாப்பாங்கண்ணே” என்றான் கிராப்பு. தொப்பியை மேஜையிலேயே விட்டுவிட்டு அவரோடு கிளம்பினான்.